விரைந்து விளைந்த வெண்மது: பவேரியக் கோதுமை பீரின் வரலாறு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பின் விருந்தைச் சொல்லுமிடத்தில் ஒரு மது வடிக்கும் முறை வருகிறது. அரிசிக் கூழை ஆறவைத்து, முளையடையைச் சேர்த்து, சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டுப் பிழிந்தெடுப்பது அம்முறை. அதே நூலில் வீட்டிலேயே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளும் பேசப்படுகிறது. நயம் பாராட்டும் நாம் பெரும்பாலும் அவ்விடத்தை விருந்தோம்பலுக்குச் சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உவமையைவிட அந்த நாட்கணக்கே வியப்பளித்தது. இரண்டே நாள்! தானியத்தை மதுவாக்க எத்தனை நாள் வேண்டும் என்பது சமையற்கட்டுக் கேள்விபோலத் தோன்றும். ஆனால், ஐரோப்பாவின் ஒரு நாட்டில் அந்தக் கேள்வி சட்டமாகவும், அரசுரிமையாகவும், போர்ச்செலவாகவும், கடைசியில் உயிரியல் ஆய்வாகவும் வளர்ந்தது. அந்த நாடு தெற்கு ஜெர்மனியின் பவேரியா. அந்த மது, அவர்கள் வைஸ்பியர் என்று அழைக்கும் கோதுமை பீர். வைஸ் என்றால் வெண்மை. ஆகவே அதை வெண்மது என்று நாம் அழைப்பதில் பிழையில்லை.

வரலாற்றுக்குள் நுழையுமுன் அந்த மதுவின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். இயல்பு தெரியாவிட்டால், அரசர்கள் ஏன் அதன்மேல் அத்தனை கண் வைத்தனர் என்பது விளங்காது.

பீர் வடிப்பதற்கு முதலில் தானியத்தை நனைத்து முளைக்கவிட்டு உலர்த்துவர். மால்ட் எனப்படும் அந்த முளைதானியத்தை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களை இட்டுக் கொதிக்க வைத்து ஆற்றுவர். இதை முளைச்சாறு என்போம். இதுவரை நடப்பதெல்லாம் ஒரே நாள் வேலை. அதன்பின் ஈஸ்ட் என்னும் நுண்காளானைச் சேர்த்ததும், அது சர்க்கரையை உண்டு சாராயச்சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இங்கேதான் காலம் என்பது உள்ளே நுழைகிறது.

ஈஸ்டில் இரு குடிகள் உண்டு. ஒன்று 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வேலை செய்வது. நுரையோடு மேலே எழுந்து நிற்பது. மற்றொன்று 8 முதல் 12 டிகிரிக் குளிரில் மெல்ல வேலை செய்து அடியில் படிவது. இரண்டாவதைக் கொண்டு வடிப்பது லாகர். லாகர் என்ற சொல்லுக்கே கிடங்கில் வைத்தல் என்று பொருள். நொதித்தல் முடிந்த பின்னும் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் அதைக் கிடத்திவைக்க வேண்டும். கோதுமை பீருக்கு முதற்குடி ஈஸ்டே உரியது. ஈஸ்டைப் போதிய அளவில் இட்டால் மூன்று முதல் ஐந்து நாளில் பெருநொதித்தல் அடங்கிவிடும். பிறகு புட்டியிலோ பீப்பாயிலோ நுரையேற ஒரு வாரம் போதும். வீட்டில் 20 லிட்டர் அளவில் வடிப்பவர்கள், ஈஸ்டும் வெப்பமும் ஒத்துழைத்தால், முளைச்சாறு காய்ச்சிய பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் குவளையில் ஊற்றிவிடுகிறார்கள்.

விரைவுக்கு ஈஸ்ட் மட்டும் காரணமன்று. தெளிவைத் தேடாமையும் ஒரு காரணம். மற்ற பீர்கள் பொன்போல் தெளிய வேண்டும். தெளிவதற்கு நாள் வேண்டும். கோதுமையில் புரதம் மிகுதி. அது நுரையைத் தடிப்பாக நிறுத்தும், பீரையும் கலங்கலாக்கும். இவ்வகை ஈஸ்டும் எளிதில் திரண்டு அடியில் படியாது, மிதந்துகொண்டே இருக்கும். எனவே கலங்கலே இதன் அழகாயிற்று. ஹெஃபெவைட்சன் என்று ஜெர்மானியர் சொல்வதற்கு ஈஸ்டோடு கூடிய கோதுமை என்பதே பொருள். காத்திருக்க வேண்டிய ஒரு வேலையை அழகின் பெயரால் நீக்கிவிட்ட மது இது.

அதன் மணமும் விரைவோடு தொடர்புடையது. பவேரிய வெண்மதுவில் பழுத்த வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரும். வாழையோ கிராம்போ அதில் ஒரு துணுக்கும் கிடையாது. கிராம்பு மணத்தைத் தருவது, தானியத்தின் உமியிலும் தவிட்டிலும் உள்ள ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் உருமாற்றுவதால் உண்டாகும் பொருள். முளைதானியம் ஊறும்போது 45 டிகிரியை ஒட்டிச் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் அவ்வமிலம் மிகுதியாக வெளிப்படும் என்பது பிற்கால அறிவு. வாழை மணத்தைத் தருவது ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் எஸ்டர். அது நாட்பட நாட்படக் குறைந்துவிடும். ஆகவே இந்த மதுவைக் காத்துவைப்பது அதைக் கெடுப்பதாகும். வடித்த சூட்டோடு அருந்தினால்தான் அது தன் முழுமையோடு இருக்கும்.

அவசரத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை வடிப்பவர்கள் அறிவர். வெப்பத்தைக் கூட்டினால் நாள் குறையும் என்று 25 டிகிரிக்கு மேலே போனால் வாழை மணம் மிகுந்து திகட்டும். தலையைக் கனக்கச் செய்யும் கனத்த சாராயங்களும் சேரும். ஈஸ்டைக் குறைத்து இட்டால் நொதித்தல் தொடங்கவே தாமதமாகும். அந்த இடைவெளியில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் புகுந்துவிடும். முந்திய வடிப்பின் நுரையிலிருந்து அள்ளியெடுத்த ஈஸ்டை அடுத்த வடிப்பில் உடனே இடுவதே பழைய முறை. மேலெழும் ஈஸ்டுக்கு இது ஒரு பெரும் வசதி. உயிர்த்துடிப்புள்ள பகுதியே மேலே வந்து நிற்கும். கரண்டியால் அள்ளினால் போதும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் விரைவு என்பது ஒரு பாதுகாப்பும் ஆகும். கெடுக்கும் உயிர்கள் கண் விழிக்குமுன் நல்ல ஈஸ்ட் களத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொண்டு பவேரியச் சட்டங்களைப் பார்ப்போம்.

1516ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இங்கோல்ஸ்டாட் நகரில், பவேரியக் கோமகன்களான நான்காம் வில்ஹெல்மும் அவர் தம்பி பத்தாம் லுட்விகும் ஓர் ஆணை பிறப்பித்தனர். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கலாகாது என்றது அது. இன்று உலகெங்கும் தூய்மைச் சட்டம் என்று விளம்பரப்படுத்தப்படுவது இதுதான். ஆனால் ஆணையைப் படிப்பவர்க்குத் தெரியும், அதில் முதலில் வருவது விலை. புனித மிக்கேல் திருநாளிலிருந்து புனித ஜார்ஜ் திருநாள் வரை ஒரு மாஸ் அளவுக்கு ஒரு ஃபெனிக்குக்கு மேல் வாங்கக்கூடாது. ஜார்ஜ் திருநாளிலிருந்து மிக்கேல் திருநாள் வரை இரண்டு ஃபெனிக்குக்கு மேல் வாங்கக்கூடாது. தூய்மைச் சட்டம் என்ற பெயர் அந்த ஆணையில் எங்கும் இல்லை. 1918இல் பவேரியச் சட்டமன்ற விவாதத்தின்போதுதான் அப்பெயர் எழுந்தது. நானூறு ஆண்டுகள் கழித்துச் சூட்டிய பெயர் முன்னோரின் நோக்கமாகவே ஆகிவிட்டது. சொல்லுக்கு அத்தகைய ஆற்றல் உண்டு என்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆணையில் ஈஸ்ட் இல்லை என்பதைச் சுட்டி, அக்காலத்தார் அறியாமையில் இருந்தனர் என்பாரும் உளர். அது சரியன்று. அது உயிருள்ள பொருள் என்பதை அவர்கள் அறியாதிருக்கலாம்; ஆனால் முந்திய வடிப்பின் வண்டலை அடுத்ததில் இட வேண்டும் என்பதை வடிப்பவர் யாவரும் அறிந்திருந்தனர். வந்துபோகும் பொருளை அவர்கள் கூட்டுப்பொருளாக எண்ணவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

நமக்கு வேண்டியது ஆணை விட்டுவிட்ட மற்றொரு பொருள்: கோதுமை. கோதுமை ரொட்டிக்குரியது. பீர் வடிப்போர் அதை வாங்கத் தொடங்கினால் ரொட்டி விலை ஏறும். பார்லி ரொட்டிக்கு அவ்வளவாக உதவாது; எனவே அதை மதுவுக்கு ஒதுக்கினர் என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். பசியை முன்னிறுத்திய நியாயம் அது. மறுக்க முடியாத நியாயமும்கூட. ஆனால் அந்த நியாயம் எவ்வளவு நாள் நின்றது என்பதைப் பாருங்கள்.

பவேரியக் காட்டுப்பகுதியில், போஹிமிய எல்லையை ஒட்டி, டேகன்பெர்க் என்னும் பிரபுக் குடும்பம் இருந்தது. போஹிமியாவில் கோதுமை பீர் வழக்கத்தில் இருந்தது. அவ்வழக்கம் எல்லை தாண்டி இவர்கள் நாட்டிலும் பரவியிருந்தது. 1548இல் அதே நான்காம் வில்ஹெல்ம், டேன்யூப் ஆற்றுக்கு வடக்கே கோதுமை பீர் வடிக்கும் தனியுரிமையை அக்குடும்பத்திற்கு வழங்கினார். எளியவர்க்கு மறுத்ததைச் செல்வாக்குடையவர்க்குக் கொடுத்தார் என்று சுருங்கச் சொல்லிவிடலாம். ஷ்வார்ட்சாக் என்னும் ஊரில் டேகன்பெர்க் குடும்பத்தின் வடிப்பகம் செழித்தது.

1553இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகன் வேறொரு ஆணை போட்டார். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை, அதாவது ஜார்ஜ் திருநாள் தொடங்கி மிக்கேல் திருநாள் வரை, பீர் வடிக்கலாகாது என்பது அது. வெயில் மாதங்களில் வடித்த பார்லி பீர் எளிதில் கெட்டுப் புளித்ததே காரணம். இதனால் பவேரியாவில் குளிர்காலமே பீர்க்காலமாயிற்று. குளிர்கால வடிப்பில் குளிரைத் தாங்கும் ஈஸ்டே தழைத்தது. மார்ச்சு மாதத்தில் சற்று வலிமையாக வடித்து, நிலவறைகளில் பனிக்கட்டியோடு சேர்த்துவைத்துக் கோடை முழுவதும் அருந்தினர். நிலவறைக்கு மேலே நிழலுக்காக மரங்களை நட்டனர். லாகரின் பொறுமை ஒரு சட்டத்தின் குழந்தை என்றே சொல்லலாம்.

வெண்மதுவை இந்தத் தடை கட்டவில்லை. கோடையின் வெப்பம் அதற்குப் பகையன்று. அதுவே அதன் அடுப்பு. ஆகவே மற்ற வடிப்பகங்களின் கொப்பரைகள் ஐந்து மாதம் கவிழ்ந்து கிடக்க, டேகன்பெர்க் குடும்பத்தின் கொப்பரை மட்டும் ஆண்டு முழுவதும் கொதித்தது. நிலவறைப் பீர் தீர்ந்தும் புளித்தும் போகும் ஆகஸ்டு மாதத்தில், ஒரு வாரத்தில் புதிதாக விளைந்த மது சந்தைக்கு வந்தால் அதற்கு எத்தகைய வரவேற்பு இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். தனியுரிமையின் உண்மை மதிப்பு கோதுமையில் இல்லை. நாட்கணக்கில்தான் இருந்தது என்பது என் துணிபு.

வீடுகளில் என்ன நடந்தது என்பதையும் இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் நாடுகளில் வடிப்பது நெடுங்காலம் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது. 1525இல் மார்ட்டின் லூதரை மணந்த காத்தரீனா ஃபான் போரா, விட்டன்பெர்க்கில் அவர்கள் வாழ்ந்த பழைய மடத்து வீட்டில் பீர் வடித்துப் பெருங்குடும்பத்தையும் விருந்தினரையும் பேணினார் என்பது யாவரும் அறிந்தது. கெட்டியான ரொட்டி, அதனோடு மெலிந்த பீர்: இதுவே அன்றாடம். அதற்கு மாதக்கணக்கில் நிலவறையில் காத்திருக்க எந்த வீட்டாலும் முடியாது. வீட்டுப் பீர் என்றாலே விரைவுப் பீர்தான். தொழில் பெரிதாக ஆக, உரிமங்களும் சங்கங்களும் வர வர, பெண்கள் கொப்பரையருகிலிருந்து மெல்ல விலக்கப்பட்டனர். சட்டங்களைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். இந்த விலக்கத்தைப் பற்றி எழுதியது குறைவு.

1602இல் டேகன்பெர்க் குடும்பத்தின் கடைசி ஆண்மகன் ஹான்ஸ் சிக்மண்ட் வாரிசின்றி இறந்தார். பவேரியக் கோமகன் முதலாம் மாக்ஸிமிலியன் காத்திருந்தவர்போல் அவ்வுரிமையை எடுத்துக்கொண்டார். அவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். தந்தை ஐந்தாம் வில்ஹெல்ம் கடன் சுமையை விட்டுச்சென்றிருந்தார். அத்தந்தை 1589இல் மியூனிக்கில் நிறுவிய அரசவை வடிப்பகமான ஹோஃப்பிராய்ஹவுஸில் பழுப்பு நிறப் பார்லி பீர் வடிக்கப்பட்டுவந்தது. மாக்ஸிமிலியன் ஷ்வார்ட்சாக்கிலிருந்து வடிப்பாளரையும் முறையையும் மியூனிக்குக் கொண்டுவந்தார். 1607இல் பிளாட்ஸல் என்னுமிடத்தில் வெண்மதுவுக்கென்றே தனி வடிப்பகம் எழுப்பினார். அதே ஆண்டில் டேன்யூப் கரையிலுள்ள கெல்ஹைமிலும் ஒன்று எழுந்தது. பிறகு நாட்டின் பல ஊர்களிலும் வெண்மது வடிப்பகங்கள் அரசுக்குச் சொந்தமாகத் தோன்றின. குடிமக்களின் ரொட்டிக்காகக் கோதுமையை விலக்கிய அதே விட்டல்ஸ்பாக் மரபு, கோதுமையைக் கொப்பரையில் இட்டுக் கருவூலத்தை நிரப்பியது. முப்பதாண்டுப் போர் 1618இல் தொடங்கியபோது, கத்தோலிக்க அணியின் தலைவராக நின்ற மாக்ஸிமிலியனின் செலவுகளைத் தாங்கிய வருவாய்களுள் வெண்மது வருவாய் முக்கியமானது. கோதுமை ரொட்டியாகவுமில்லை, மதுவாக மட்டுமும் நிற்கவில்லை. பீரங்கியாகவும் ஆயிற்று.

தனியுரிமை ஏறத்தாழ இருநூறு ஆண்டு நீடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவை மாறியது. நிலவறை வசதிகள் பெருகி, பழுப்பு பீரின் தரம் உயர்ந்தது. வெண்மது பழம்பொருளாகத் தோன்றத் தொடங்கியது. வருவாய் சுருங்கவே, 1798இல் அரசு தனியுரிமையைக் கைவிட்டது. விலை போகாத உரிமையை விட்டுக்கொடுப்பதற்குப் பெயர் தாராளம் என்று அரசர்கள் சொல்லிக்கொள்வதுண்டு.

அடுத்த அடி, அறிவியலிலிருந்து விழுந்தது. 1850இல் கோடைத் தடை நீங்கியது. 1870களில் கார்ல் லிண்டே செய்த குளிர்விக்கும் எந்திரம் மியூனிக்கின் ஷ்பாட்டன் வடிப்பகத்தில் இயங்கியது. இனிக் கோடையிலும் குளிர் கிடைக்கும். லாகரை எந்த மாதமும் வடிக்கலாம். வெண்மதுவின் ஒரே பெருஞ்சிறப்பாக இருந்த கோடை விரைவு, எந்திரத்தின் முன் பயனற்றதாயிற்று. 1876இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தம் ஆய்வு நூலை வெளியிட்டார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் அணுவிலிருந்து தூய வளர்ப்பைப் பிரித்தெடுத்தார். அவர் பிரித்தது குளிரீஸ்ட். உலகத்தின் பெரும்பகுதி அதைப் பின்தொடர்ந்தது.

இந்த மாற்றம் வடிப்பகத்தோடு நிற்கவில்லை என்பது சுவையான செய்தி. ரொட்டி சுடுவோர் நெடுங்காலம் வடிப்பகத்தின் மேலெழும் ஈஸ்டையே வாங்கி மாவைப் புளிக்கவைத்தனர். லாகர் பெருகி, அடியில் படியும் குளிரீஸ்ட் வந்தபோது, வியன்னாவின் ரொட்டிக்கடைகள் திகைத்தன. அந்த ஈஸ்டில் மாவு அவர்கள் விரும்பியபடி எழவில்லை. 1840களில் அதற்கு மாற்றுத் தேடியதன் விளைவாகவே அழுத்திக் கட்டியாக்கிய ரொட்டி ஈஸ்ட் தொழிலாக வளர்ந்தது. ரொட்டிக்கும் பீருக்கும் இடையே 1516இல் கோமகன்கள் கோதுமையைப் பங்கிட்டார்கள். ஈஸ்டைப் பங்கிட அவர்களுக்குத் தோன்றவில்லை.

மறைய இருந்த வெண்மதுவைத் தூக்கி நிறுத்தியவர் ஒரு குத்தகைக்காரர். மியூனிக்கின் அரசவை வெண்மது வடிப்பகத்தை 1855 முதல் குத்தகைக்கு நடத்திவந்த கியோர்க் ஷ்னைடர், 1872இல் இரண்டாம் லுட்விக் அரசரிடமிருந்து கோதுமை பீர் வடிக்கும் உரிமையைப் பெற்று, மியூனிக்கில் தம் சொந்த வடிப்பகத்தைத் தொடங்கினார். கோட்டைகள் கட்டியும் வாக்னரின் இசையைப் போற்றியும் கருவூலத்தைக் காலி செய்தவர் என்று லுட்விகை வரலாறு பழிக்கும். அவர் காலத்தில் அரசு பொருட்படுத்தாது விட்ட ஒன்று, ஒரு குடிமகன் கையில் பிழைத்தது. 1920களின் பிற்பகுதியில் ஷ்னைடர் குடும்பம் கெல்ஹைமின் பழைய வடிப்பகத்தையும் வாங்கியது. 1944இல் குண்டுவீச்சில் மியூனிக் வடிப்பகம் அழிந்தபோது வடிப்பு முழுவதும் கெல்ஹைமுக்குச் சென்றது. 1607இல் மாக்ஸிமிலியன் காலத்தில் எழுந்த அந்த இடத்தில் இன்றும் வெண்மது வடிக்கிறார்கள்.

இந்த வடிப்பகத்தின் ஒரு பீரைப் பற்றி இலக்கிய அன்பர்கள் அறிந்திருக்க வேண்டும். 1907இல் கைம்பெண்ணாக நிறுவனத்தை நடத்திய மட்டில்டா ஷ்னைடர் காலத்தில், வலிமை மிகுந்த கருநிறக் கோதுமை பீர் ஒன்று வெளிவந்தது. அதற்கு அவெண்டினுஸ் என்று பெயர். அவெண்டினுஸ், கெல்ஹைமுக்கு அண்மையிலுள்ள ஆபென்ஸ்பெர்க்கில் 1477இல் பிறந்த யோஹான்னஸ் டுர்மையர் என்னும் வரலாற்றாசிரியரின் புனைபெயர். பவேரிய வரலாற்றை இலத்தீனில் எழுதி, பின் மக்கள் மொழியான ஜெர்மனிலும் எழுதியவர். அவர் படித்தவர்க்குரிய மொழியோடு நின்றுவிடவில்லை என்பதற்காகவே வணங்கத் தக்கவர். நம்மூரில் வரலாற்றாசிரியர் பெயரைத் தெருவுக்கு இடுவதே அரிது. அங்கே ஒருவர் புட்டிமேல் வாழ்கிறார்.

மற்ற நாடுகளின் வெண்மதுக்களை விரித்தெழுத இங்கு இடமில்லை. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் 1950களில் அற்றுப்போன வெண்மதுவை, பால்காரராக இருந்த பியர் செலிஸ் 1966இல் மீட்டார். போலந்தின் குரோட்ஜிஸ்க் ஊரில் ஓக் மரப்புகையில் உலர்த்திய கோதுமையில் வடித்த மது, 1993இல் வடிப்பகம் மூடியதோடு மறைந்து, 2015இல் மீண்டும் அதே ஊரில் தலைகாட்டியது. பவேரியாவிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வெண்மது கிழவிகளின் பானம் என்று ஏளனம் செய்யப்பட்டது. 1960களுக்குப் பின்னரே இளையோர் அதைத் தேடினர்.

வீட்டில் வடிக்கும் வழக்கமும் ஏறத்தாழ அதே காலத்தில் புத்துயிர் பெற்றது. பிரிட்டனில் வீட்டுவடிப்புக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் வீட்டுவடிப்பின்மேல் இருந்த தடையை நீக்கியது. (நம் மாநிலச் சட்டம் அவ்வாறன்று என்பதை இதைப் படித்துக் கொப்பரை தேடும் நண்பர்களுக்கு நினைவூட்டுகிறேன்.) புதிதாக வடிக்கக் கற்பவர்களிடையே கோதுமை பீர் செல்வாக்குப் பெற்றதற்குக் காரணம் எளியது. குளிர்பெட்டி வேண்டாம், தெளிவு வேண்டாம், இரண்டு வாரத்தில் பயன் கிடைக்கும். ஆனால் கோதுமைக்கு உமி இல்லை. முளைச்சாற்றை வடிக்கும்போது உமியே வடிகட்டியாகிறது. முழுக்கக் கோதுமையை இட்டால் கூழ் இறுகி அடைத்துக்கொள்ளும். ஆகவே பார்லியைக் கலந்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் கோதுமை பீர் என்று சொல்லிக்கொள்ளக் கோதுமை மால்ட் பாதியளவேனும் இருக்க வேண்டும், எஞ்சியது பார்லி. கோமகன்கள் பிரித்துவைத்த இரு தானியங்களும் கொப்பரையில் ஒன்றின்றி ஒன்று இயங்குவதில்லை.

கடைசியாக, அண்மைக்காலத்தில் இவ்வரலாற்றைத் தலைகீழாகப் புரட்டிய ஒரு செய்தி. குளிரீஸ்ட் தனி இனமன்று, கலப்பினம் என்பது முன்பே ஐயுறப்பட்டது. அதன் ஒரு பாதி, ரொட்டிக்கும் வெண்மதுவுக்கும் உரிய பழைய ஈஸ்ட். குளிரைத் தாங்கும் மறுபாதி எது என்று நெடுநாள் தெரியவில்லை. 2011இல் தென்னமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில், தெற்குப் பீச் மரங்களில் அது கண்டறியப்பட்டது. சாக்கரோமைசஸ் யூபயானஸ் என்று பெயரிட்டனர். பிறகு திபெத்திலும், 2022இல் முதன்முறையாக ஐரோப்பாவில், அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழக வளாக மண்ணிலும் அது கிடைத்தது. 2023இல் ஜெர்மன், அயர்லாந்து ஆய்வாளர்கள், ஈஸ்டின் மரபணுச் செய்தியையும் பவேரியப் பழைய ஆவணங்களையும் இணைத்துப் படித்து ஒரு கருதுகோளை முன்வைத்தனர். அக்கலப்பு 1602க்கும் 1615க்கும் இடையில் மியூனிக்கின் ஹோஃப்பிராய்ஹவுஸில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அது. டேகன்பெர்க் குடும்பத்தின் கடைசி மகன் இறந்தபின், ஷ்வார்ட்சாக்கின் விரைவு ஈஸ்ட் மியூனிக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே ஒரே கூரையின்கீழ், குளிரில் மெல்ல நொதிக்கும் பழுப்பு பீரும் வடிக்கப்பட்டது. அந்தக் கொப்பரைகளுக்கிடையில் எங்கோ இரண்டும் கலந்தன.

இக்கருதுகோள் நிற்குமானால், உலகில் இன்று வடிக்கப்படும் பீரின் பெரும்பகுதிக்கு ஒரு பக்கத்து மூதாதை, சட்டம் விலக்கிய கோதுமைக் கொப்பரையில் வளர்ந்த ஈஸ்ட் ஆகிறது. மாக்ஸிமிலியன் கொண்டுவந்தது வரிக்காக. அவர் எழுதிவைத்த கணக்கேடுகளில் கோதுமை மூட்டைகளும் வந்த பணமும் உண்டு. பாண்டத்தின் விளிம்பில் வழிந்த நுரைக்குக் கணக்கில்லை. பிளாட்ஸலில் வெண்மது வடிப்பகம் எழுந்த அதே இடத்தில் இன்று ஹோஃப்பிராய்ஹவுஸின் பெரிய மதுக்கூடம் இருக்கிறது. நிறுவனம் இன்றும் பவேரிய அரசுக்கே சொந்தம்.